12 தந்தி பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு ஈ9/பி6 சுருதி அமைத்த அனுபவம்

10 தந்தி பெடல் ஸ்டீல் கிட்டாரில் பழகியவர் 12 தந்திக் கருவிக்கு மாறும்போது, புதிதாகச் சேரும் 2 தந்திகளையும் எந்தச் சுருதியில் வைப்பது என்பதைத் தீர்மானித்த பின்னரே கருவியைக் கவிழ்த்துப்போட்டு அதன் அடிப்பகுதியில் கை வைக்க வேண்டும். அந்தத் தீர்மானம் தந்திகளோடு நிற்பதில்லை. எந்தப் பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு ஏற்ற வேண்டும், எந்த முழங்கால் லீவர் எதை இறக்க வேண்டும், அதற்கான இழுகம்பிகளை மாட்ட இடம் இருக்கிறதா என்பது வரை அது நீள்கிறது. பழைய கருவி ஒன்றை வாங்கி, விரிவுபடுத்திய ஈ9 அமைப்பில் இருந்த அதை, ஈ, பி என்ற இரண்டு சுரங்களையும் ஆதாரமாகக் கொள்ளும் ஈ9/பி6 என்னும் ஒருங்கிணைந்த அமைப்புக்கு நான் மாற்றிய விதத்தையும், ஒவ்வொரு கட்டத்திலும் எதை வைத்து முடிவெடுத்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

இக்கருவியை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சிறு விளக்கம். பெடல் ஸ்டீல் கிட்டார் கால்கள் மேல் மேசைபோலக் கிடையாக நிற்கும். வாசிப்பவர் இடது கையில் பிடித்த எஃகு உருளையைத் தந்திகள்மேல் நகர்த்தி, வலது கை விரல் மாட்டிகளால் மீட்டுவார். வலது பாதம் வால்யூம் பெடலில் இருக்கும்; இடது பாதம் தரையோரப் பெடல்களை அழுத்தும்; இரண்டு முழங்கால்களும் கருவியின் அடியில் தொங்கும் லீவர்களைத் தள்ளும். பெடலோ லீவரோ அசையும்போது அதனுடன் பிணைந்த குறுக்குத் தண்டு சுழல்கிறது. தண்டில் பொருத்திய பெல் கிராங்க் இழுகம்பியை இழுக்கிறது. இழுகம்பி வலது முனையில் உள்ள சேஞ்சரின் விரல் ஒன்றை அசைக்கிறது. தந்தி அந்த விரலின் மேல் வளைந்து பூட்டப்பட்டிருப்பதால் அதன் விறைப்பு மாறி, சுருதி ஏறவோ இறங்கவோ செய்கிறது. எவ்வளவு ஏற வேண்டும் என்பதை இழுகம்பியின் முனையில் உள்ள நைலான் திருகு தீர்மானிக்கிறது.

என் கருவி ஒற்றைக் கழுத்து உடையது, அதாவது ஒரே தந்தி வரிசை கொண்டது. மேப்பிள் மர உடல், 7 பெடல்கள், 5 முழங்கால் லீவர்கள். சேஞ்சரில் ஒவ்வொரு தந்திக்கும் ஏற்றத்துக்கு 3 துளைகளும் இறக்கத்துக்கு 2 துளைகளும் உள்ளன. இந்த இரண்டு எண்களும் பின்னால் எழுந்த எல்லாச் சிக்கல்களுக்கும் எல்லை வகுத்தன என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பழைய கருவி வாங்குபவர்கள் மரத்தின் மெருகைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தத் துளைகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஈ9 சுருதி இன்றுள்ள வடிவத்துக்குப் படிப்படியாக வந்தது. 1953-இல் கன்ட்ரி இசைப் பாடகர் வெப் பியர்ஸின் ஒலிப்பதிவு ஒன்றில் பட் ஐசக்ஸ், தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்திக் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) மாற்றிக் காட்டினார். நாஷ்வில் வாசிப்பாளர்கள் அந்த ஓசையைப் பின்தொடர்ந்தார்கள். ஒரே பெடல் செய்துவந்த இரண்டு ஏற்றங்களைப் பட்டி எம்மன்ஸ் இரண்டு பெடல்களாகப் பிரித்தார். 1962-இல் எஃப் ஷார்ப், டி ஷார்ப் என்ற இரண்டு தந்திகளை மேலே சேர்த்தவரும் அவரே. அவ்விரண்டும் சுருதி வரிசைக்கு அப்பாற்பட்டவை: அவற்றைவிட உயர்ந்த ஜி ஷார்ப் தந்தி மூன்றாவதாக நிற்கிறது. அதனால் 10 தந்தி ஈ9-ஐ உங்கள் கண்ணுக்கு எட்டத்தில் உள்ள தந்தியிலிருந்து எண்ணினால் எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி என்று வரும். இரட்டைக் கழுத்துக் கருவிகளில் இதற்கு அடுத்த கழுத்தில் சி6 சுருதி இருக்கும். ஸ்விங், ஜாஸ் சாயல் கொண்ட கனத்த கார்டுகளுக்கு அதுவே இடம்.

12 தந்திக் கருவிக்கு இரண்டு வழிகள் முக்கியமானவை. முதல் வழி, மேற்சொன்ன பத்தையும் அப்படியே விட்டுவிட்டு, 11-ஆவதாக ஜி ஷார்ப், 12-ஆவதாக ஈ என்ற மந்திரத் தந்திகளைச் சேர்ப்பது. விரிவுபடுத்திய ஈ9 என்பது இதுதான். நான் வாங்கியபோது கருவி இப்படித்தான் இருந்தது, 4 பெடல்களில் மட்டும் இழுகம்பிகள் இணைந்திருக்க மற்ற மூன்றும் வெறுமனே தொங்கின. பழகிய விரல் பிடிகள் எதுவும் மாறாது என்பது இதன் பெரிய வசதி. கீழே ஒரு முழு ஈ மேஜர் கார்டு கிடைக்கும். ஆனால் அதற்குமேல் அதனால் ஆவது குறைவு என்பது என் கருத்து. மந்திர ஸ்தாயியில் இரண்டு சுரங்கள் கூடுகின்றனவே தவிர, கருவி பேசும் பாஷை பழையதாகவே இருக்கிறது.

இரண்டாவது வழியில் முதல் எட்டுத் தந்திகள் மாறுவதில்லை. 9-ஆவதாக இருந்த டி நீங்கி அவ்விடத்தில் பி வருகிறது. தொடர்ந்து ஜி ஷார்ப், ஈ, பி. இப்போது 4-ஆவது, 8-ஆவது தந்திகளின் ஈ-யை ஒரு லீவரால் அரைச்சுரம் இறக்கி டி ஷார்ப் ஆக்கினால், 4 முதல் 12 வரையுள்ள தந்திகள் டி ஷார்ப், பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், டி ஷார்ப், பி, ஜி ஷார்ப், ஈ, பி என்று நிற்கும். சி6 கழுத்தின் 2 முதல் 10 வரையுள்ள தந்திகளை அரைச்சுரம் இறக்கி எழுதிப் பாருங்கள். ஒன்றுகூடப் பிசகாமல் இதே வரிசைதான். முதல் தந்தியின் எஃப் ஷார்ப்கூட சி6-இன் மேல் ஜி-க்கு நேராக அமைகிறது. இரண்டாவது கழுத்து என்று நாம் சுமந்து திரிவது, முதல் கழுத்தில் ஒரு முழங்கால் அசைவுக்குள்ளேயே இருக்கிறது. ஜெஃப் நியூமன் இந்த அமைப்பைப் பலருக்குக் கற்பித்தார். பெடல் ஸ்டீல் தயாரிப்பு நிறுவனமான எம்எஸ்ஏ-வைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மாரிஸ் ஆண்டர்சன் அதே எண்ணத்தை மறுமுனையிலிருந்து அணுகி, பி ஃபிளாட் 6-ஐ அடிப்படையாக வைத்து 12 தந்திகளில் வாசித்தார். ஈ9 கையில் ஊறிப்போன எனக்கு நியூமனின் பக்கமே பொருந்தியது.

இழப்பும் உண்டு. டி தந்தி நேரடியாக இல்லாததால் ஈ7 கார்டின் ஏழாவது சுரத்துக்கு 9-ஆவது தந்தியின் பி-யை மூன்று அரைச்சுரங்கள் ஏற்ற வேண்டும். கீழ் பி-யும் டி-யும் ஒரே சமயத்தில் தனித்தனித் தந்திகளில் ஒலிக்க முடியாது. டி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு இறங்கும் பழைய 9-ஆவது தந்தி வாசகங்களை வேறு இடத்தில் தேட வேண்டும். பதிலாக 10, 8, 6 என்று தாண்டித் தாண்டிப் பிடித்த பிடி 9, 8, 6 என்று நெருங்கிவிடுகிறது. என் வாசிப்பில் அந்த டி தனியாக வரும் இடங்கள் குறைவு. மந்திர ஸ்தாயிக் கார்டுகளுக்கான ஆசையோ அதிகம். அதனால் தராசு இந்தப் பக்கம் சாய்ந்தது.

கம்பிகளைக் கழற்றுவதற்கு முன் பெடல் அட்டவணையை முழுவதுமாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். முதல் பெடல், அதாவது ஏ பெடல், 5, 9 தந்திகளின் பி-யைச் சி ஷார்ப் ஆக்கும். பி பெடல் 3, 6, 10 தந்திகளின் ஜி ஷார்ப்பை ஏ ஆக்கும். சி பெடல் 4-ஆவது தந்தியின் ஈ-யை எஃப் ஷார்ப்புக்கும் 5-ஆவதன் பி-யைச் சி ஷார்ப்புக்கும் ஏற்றும். இதுவரை ஈ9. அடுத்த நான்கு பெடல்களும் பி6-க்கு உரியவை. இரட்டைக் கழுத்துக் கருவியின் எண்களைக்கொண்டு அவற்றை 5, 6, 7, 8 என்றே அழைப்பது வழக்கம். 5-ஆம் பெடல் 7-ஆவது தந்தியின் எஃப் ஷார்ப்பை எஃப்-க்கு இறக்கி, 11-ஆவதன் ஈ-யை எஃப்-க்கு ஏற்றும். 6-ஆம் பெடல், லீவர் பிடித்த நிலையில், 4-ஆவது தந்தியின் டி ஷார்ப்பை ஈ-க்கு ஏற்றி 8-ஆவதன் டி ஷார்ப்பை டி-க்கு இறக்கும். 7-ஆம் பெடல் 5-ஆவதைச் சி ஷார்ப்புக்கும் 6-ஆவதை ஏ ஷார்ப்புக்கும் ஏற்றும். 8-ஆம் பெடல் 9-ஆவதன் பி-யைச் சி-க்கு ஏற்றி, 11-ஆவதன் ஈ-யை டி ஷார்ப்புக்கும், 12-ஆவதன் பி-யைக் கீழே ஜி ஷார்ப் வரைக்கும் இறக்கும்; அடியிலிருந்து அறையே அதிரும் ஜி ஷார்ப் 7 கார்டு இதில் கிடைக்கிறது.

லீவர்களில், இடது முழங்காலை இடப்பக்கம் தள்ளினால் 4, 8 தந்திகள் ஈ-யிலிருந்து எஃப்-க்கு ஏறும். வலப்பக்கம் தள்ளினால் 9-ஆவது தந்தி பி-யிலிருந்து டி-க்கு ஏறும். மேல்நோக்கித் தூக்கினால் (செங்குத்து லீவர்) 5, 9 தந்திகள் பி-யிலிருந்து ஏ ஷார்ப்புக்கு இறங்கும். வலது முழங்காலை வலப்பக்கம் தள்ளினால் 2-ஆவது தந்தியின் டி ஷார்ப் முதலில் டி-க்கும் பிறகு சி ஷார்ப்புக்கும் இறங்கும். இடையிலுள்ள டி-யைக் கால் உணர்வதற்காக ஸ்பிரிங் வைத்த ஓர் அரைநிறுத்தம் இருக்கிறது. வலது முழங்காலை இடப்பக்கம் தள்ளுவதே 4, 8 தந்திகளை டி ஷார்ப்புக்கு இறக்கும் பி6 லீவர். மொத்தம் 24 இழுகம்பிகள்.

பி6 லீவரை வலது முழங்காலுக்குக் கொடுத்ததற்குக் காரணம் உடம்பின் அமைப்பு. 10 தந்திக் கருவியில் என் ஈ இறக்கம் இடது முழங்காலில் இருந்தது. ஈ9 மட்டும் வாசிக்கும்வரை அதில் குறையில்லை, ஏனென்றால் இடது பாதம் ஏ, பி, சி பெடல்களைவிட்டு நகர்வதில்லை. பி6 பெடல்களோ அவற்றுக்கு வலப்புறம் வரிசையாக இருக்கின்றன. பாதம் அங்கே போகும்போது முழங்காலும் கூடவே போய்விடும், இடது லீவர்களைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. வலது பாதம் எப்போதும் வால்யூம் பெடலிலேயே இருப்பதால் வலது முழங்கால் மட்டுமே இடம் மாறாத கால். ஒரு பாடல் முழுவதும் அழுத்திப் பிடிக்க வேண்டிய லீவர் அங்கேதான் இருக்க வேண்டும். சிலர் பி6 நிலையில் லீவரைப் பூட்டிவைக்கும் கொக்கி ஒன்றைச் சேர்ப்பார்கள். பூட்டிவிட்டால் ஈ9-க்கும் பி6-க்கும் ஒரே சொற்றொடருக்குள் போய்வரும் சுகம் கெட்டுவிடும் என்பதால் நான் அதை வைக்கவில்லை. லீவரை இலகுவாக்கும் வழியைப் பார்த்தேன்.

அதற்கு முன்னால் 9-ஆவது தந்தியின் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஏ பெடலுக்குச் சி ஷார்ப், 8-ஆம் பெடலுக்குச் சி, லீவருக்கு டி என்று அதற்கு மூன்று ஏற்றங்கள். ஏ ஷார்ப்புக்கு ஓர் இறக்கம். சேஞ்சரின் மூன்று ஏற்றத் துளைகளும் நிரம்பிவிடுகின்றன. 5-ஆவது தந்தியும் அப்படியே: ஏ, சி, 7-ஆம் பெடல் என்று மூன்று ஏற்றங்கள், ஓர் இறக்கம். 4-ஆவதற்கும் மூன்று ஏற்றங்கள், ஓர் இறக்கம். 8-ஆவதற்கு ஓர் ஏற்றம், இரண்டு இறக்கங்கள். இரட்டை ஏற்றம் மட்டுமே உள்ள சேஞ்சராக இருந்திருந்தால் இந்த அட்டவணை காகிதத்திலேயே நின்றிருக்கும். விரிவுபடுத்திய ஈ9-ஐ அப்படியே விட்டிருப்பேன்.

5-ஆவது தந்தியைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி வரும்: மூன்று பெடல்களும் பி-யைச் சி ஷார்ப்புக்குத்தானே ஏற்றுகின்றன, மூன்றையும் ஒரே துளையில் முடிக்க முடியாதா? முடியாது. காரணம் சுருதிச் சுத்தம். ஸ்தாயியை 12 சம அரைச்சுரங்களாகப் பிரிக்கும் பியானோவின் சமப் பகுப்பில் மேஜர் மூன்றாம் சுரம் 400 சென்ட் (அந்த அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கார்டு அலையடிக்காமல் நிற்கும் இயற்கையான மூன்றாம் சுரம் 386 சென்ட். தம்புராவின் மந்திர சட்ஜத்திலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த 14 சென்ட் வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. பெடல் ஸ்டீலின் நீண்ட ஒலியில் சமப் பகுப்பு மூன்றாம் சுரம் கரகரக்கும். எனவே பலரும் இயற்கைச் சுரங்களை ஒட்டியே சுருதி சேர்க்கிறார்கள்.

ஈ-யைச் சுழியாக வைத்துக்கொண்டால், சமப் பகுப்பிலிருந்து ஜி ஷார்ப் 14 சென்ட் கீழேயும், பி 2 சென்ட் மேலேயும், எஃப் ஷார்ப் 4 சென்ட் மேலேயும் நிற்க வேண்டும். ஏ, பி பெடல்களைச் சேர்த்து அழுத்தினால் வருவது ஏ மேஜர். அதில் சி ஷார்ப் மூன்றாம் சுரம். ஆகவே அது 16 சென்ட் கீழே இருக்க வேண்டும். 7-ஆம் பெடலில் வரும் சி ஷார்ப்போ பி கார்டின் ஒன்பதாம் சுரம், எஃப் ஷார்ப்புக்கு மேலே ஒரு தூய பஞ்சமம். அது 6 சென்ட் மேலே இருக்க வேண்டும். பெயர் ஒன்று, தந்தி ஒன்று, இடைவெளி 22 சென்ட். இரண்டையும் ஒரே நைலான் திருகில் கட்டினால் ஏதாவது ஒரு கார்டு எப்போதும் கோணும். தனித்தனி இழுகம்பி, தனித்தனித் திருகு என்று கொடுத்த பிறகு இரண்டும் தத்தம் இடத்தில் நின்றன. 9-ஆவது தந்தியிலும் இதே கதைதான். 8-ஆம் பெடலின் சி, ஜி ஷார்ப்பின் மூன்றாம் சுரம் என்பதால் சமப் பகுப்புக்கு 27 சென்ட் கீழே நிற்கிறது. இடது லீவரின் எஃப், ஏ பெடலுடன் சேர்ந்து சி ஷார்ப் மேஜரின் மூன்றாம் சுரமாக வருவதால் 29 சென்ட் கீழே. மின்னணுச் சுருதிமானியின் முள்ளை நடுவில் நிறுத்தி இவற்றைச் சேர்ப்பவருக்கு, கருவி பழுதுபட்டிருக்கிறது என்றே தோன்றும்.

இந்தக் கணக்கில் எனக்கு மகிழ்ச்சி தந்த ஒன்று ஜி ஷார்ப். ஈ9-இல் அது ஈ-யின் மூன்றாம் சுரம். பி6-இல் பி-யின் ஆறாம் சுரம், நம் வழக்கில் சதுச்ருதி தைவதம். பி-யிலிருந்து தூய ஆறாம் சுரத்தை எண்ணினாலும் சமப் பகுப்புக்கு 14 சென்ட் கீழேதான் அது வந்து நிற்கிறது. லீவரை அழுத்தும்போது கருவியின் ஆதார சுரம் ஈ-யிலிருந்து பி-க்கு மாறினாலும், 3, 6, 10 தந்திகளைத் தொட வேண்டியதே இல்லை. இறங்கிய டி ஷார்ப்பை மட்டும் பி-யோடு சேர்த்துக் கேட்டு, 12 சென்ட் கீழே நிறுத்தினால் போதும். இரண்டு சுருதிகளும் ஒரே கழுத்தில் சமாதானமாக வாழ்வதற்கு இதுவே காரணம். எஃப் ஷார்ப் அவ்வளவு இணக்கமானதல்ல. 7-ஆவது தந்தியில் பி-யின் பஞ்சமமாக 4 சென்ட் மேலே நிற்கும் அது, ஏ, பி பெடல்களை அழுத்திய நிலையில் வரும் எஃப் ஷார்ப் மைனருக்கு 22 சென்ட் கூடுதலாகிவிடுகிறது. அந்த இடத்தில் 7-ஆவதைத் தவிர்த்து, சி பெடலின் 4-ஆவது தந்தியைப் பயன்படுத்துவதே வழி. அதன் திருகைக் கீழே வைத்திருக்கிறேன்.

இனி இரும்பு வேலை. பழைய இழுகம்பிகளில் நீளம் பொருந்தியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புதிதாக வெட்டினேன். ஒரு பெடல் இரண்டு மூன்று தந்திகளை இழுக்கும்போது எல்லாமே ஒரே நேரத்தில் இலக்கை அடைய வேண்டும். ஒன்று முந்தினால் காதுக்கு இழுபடும் ஒலியில் கோணல் தெரியும். பி பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். 3-ஆவது தந்தி 0.011 அங்குலம், 6-ஆவது 0.020 அங்குலம், இரண்டும் வெற்று எஃகு, ஒரு ஸ்தாயி இடைவெளி. இரண்டின் விறைப்பும் ஏறக்குறைய ஒன்றே என்றாலும், மெல்லிய தந்தியின் குறுக்குப் பரப்பு குறைவு என்பதால் அதே அரைச்சுரத்துக்கு அதை ஏறத்தாழ 4 மடங்கு நீட்ட வேண்டும். எனவே 3-ஆவதன் இழுகம்பியைப் பெல் கிராங்கில் குறுக்குத் தண்டிலிருந்து தள்ளியுள்ள காடியிலும், சேஞ்சர் விரலில் அச்சுக்கு நெருங்கிய துளையிலும் மாட்டினேன். இரண்டும் நகர்வைக் கூட்டுபவை. 6-ஆவதற்கு நேர் எதிர்: தண்டுக்கு நெருங்கிய காடி, அச்சுக்குத் தள்ளிய துளை. 10-ஆவது சுற்றுக்கம்பித் தந்தி. அதன் போக்கை அதன் உட்கம்பி தீர்மானிப்பதால் கணக்கை நம்பாமல் காடிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து இடம் கண்டேன். நகர்வைக் கூட்டும் ஒவ்வொரு மாற்றமும் பெடலைக் கனமாக்கும் என்பதை மறக்கக் கூடாது.

9-ஆவதன் பி-யை டி-க்கு ஏற்றும் லீவர்தான் எல்லாவற்றிலும் முரண்டு பிடித்தது. மூன்று அரைச்சுரங்களுக்கு நீண்ட நகர்வு வேண்டும். முழங்கால் அவ்வளவு தூரம் போனால் வாசிப்புத் தடுமாறும். முதலில் அங்கிருந்த 0.038 தந்தியை எடுத்துவிட்டு 0.036 போட்டேன், காடியை ஆகக் கடைசிக்கு மாற்றினேன். டி எட்டியது, ஆனால் லீவரை விட்டதும் பி சற்றே கீழே நின்றது. காரணம் இறக்க விரலைப் பிடித்து வைக்கும் திரும்பு ஸ்பிரிங். ஏற்றத்தின் இழுப்பு வலுவாகும்போது, ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் இறக்க விரலும் தன் நிறுத்தத்தைவிட்டுச் சற்று விலகி வந்துவிடும். ஸ்பிரிங்கை இறுக்கினால் அது சரியாகிவிடும், ஆனால் அதே தந்தியை ஏ ஷார்ப்புக்கு இறக்கும் செங்குத்து லீவர் கனத்துவிடும். ஏற்றம் முழுமையாக இருக்கும்போது இறக்க விரலின் முனையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அது அசையாமல் இருக்கும் குறைந்தபட்ச இறுக்கத்தில் ஸ்பிரிங்கை நிறுத்தினேன். டி-யின் சுருதியைக் காதுக்கு விட்டேன். ஈ7-இல் அது சமப் பகுப்புக்கு 4 சென்ட் கீழே இருந்தாலும் இசையும், 31 சென்ட் கீழே இருந்தால் உறைந்துபோன தூய்மையுடன் இசையும். பின்னது அசையும் மெட்டுக்குப் பொருந்துவதில்லை. நான் இரண்டுக்கும் இடையில் வைத்திருக்கிறேன்.

6-ஆம் பெடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பி6 நிலையில் அது தரும் கார்டு ஈ9. அதாவது லீவரை விட்டாலே பாதி வந்துவிடும் கார்டு. 4-ஆவது தந்தியை லீவர் டி ஷார்ப்புக்கு இறக்கி வைத்திருக்க, பெடல் அதை மீண்டும் ஈ-க்கு ஏற்றுகிறது. இதைத் தேவையற்ற சுற்று என்று கருதி, 8-ஆவது தந்தியின் டி-யை மட்டும் பெடலுக்குக் கொடுத்து, முழங்காலை விட்டுக்கொண்டே பெடலை அழுத்துபவர்களும் இருக்கிறார்கள். ஓர் இழுகம்பி மிச்சம். ஆனால் வேகமான இடத்தில் ஒரு கால் அழுத்த மறுகால் விடுவது என்பது எனக்குக் கைகூடும் காரியமாகத் தெரியவில்லை, இழுகம்பியை வைத்துக்கொண்டேன். இறக்கமும் ஏற்றமும் ஒரே விரலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செயல்படுவதால் இதன் திருகை லீவரைப் பிடித்த நிலையில்தான் சரிசெய்ய வேண்டும். டி ஷார்ப்பிலிருந்து ஈ 112 சென்ட். இடது லீவரின் ஈ-யிலிருந்து எஃப் வெறும் 71 சென்ட். இரண்டும் அரைச்சுரம்தானே என்று ஒரே துளையில் மாட்ட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. 8-ஆவதன் டி-க்கு இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு இறக்கக் கம்பிகளில் எது ஆழமாக இழுக்கிறதோ அதுவே நிற்கும்.

ஏ, பி பெடல்களோடு செங்குத்து லீவரையும் சேர்த்தால் சி ஷார்ப் சி-க்கு இறங்கி ஏ மைனர் கிடைக்கும். அழகான இடம். ஆனால் சுத்தமான ஏ மைனருக்குச் சி ஷார்ப்பிலிருந்து 71 சென்ட் மட்டுமே இறங்க வேண்டும். பி-யிலிருந்து ஏ ஷார்ப்புக்கோ 112 சென்ட் வேண்டும். ஏற்றிய தந்தியின் விறைப்பு கூடுதல் என்பதால் அதே இழுப்பு அங்கே சற்றுக் குறைவாக இறக்கும். இருந்தாலும் சி கொஞ்சம் தாழ்ந்தே நிற்கிறது. இதற்கென்றே தனித் திருகு உள்ள கருவிகள் உண்டு, என்னுடையதில் இல்லை. ஏ ஷார்ப்பைச் சில சென்ட் உயர்த்தி வைத்து இரண்டையும் பாதிப் பாதி பொறுத்துக்கொள்கிறேன்.

பி6 லீவரை இலகுவாக்க, 4, 8 இரண்டின் இழுகம்பிகளையும் பெல் கிராங்கில் தண்டுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து லீவரின் நடை நீளத்தைக் கூட்டினேன். முழங்கால் சற்று அதிக தூரம் போகிறது. பிடித்து வைக்கும் கனம் வெகுவாகக் குறைந்தது. 4-ஆவது 0.014 வெற்றுத் தந்தி, 8-ஆவது 0.030 சுற்றுக்கம்பி, இரண்டும் சேர்ந்தே டி ஷார்ப்பை அடைகின்றனவா என்பதை லீவரை மெல்ல மெல்லத் தள்ளி, ஸ்தாயி பிசகாமல் கேட்டுச் சரிபார்த்தேன். மந்திரத் தந்திகளுக்கு 0.046, 0.054, 0.068 அங்குலம் போட்டிருக்கிறேன். 3-ஆவது தந்தி ஏ-க்கு ஏறும்போது எஃகின் தாங்குதிறனுக்கு மிக அருகில் போகிறது. அறுந்தால் பெரும்பாலும் சேஞ்சர் விரலின் வளைவில்தான் அறுகிறது. அங்கே தேய்மானக் கோடு விழுந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் மழுக்கி ஒரு துளி எண்ணெய் விடுவது ஆயுளைக் கூட்டும்.

சுருதி சேர்க்கும் வரிசை இப்போது இப்படி இருக்கிறது. முதலில் ஈ தந்திகள். ஏ, பி பெடல்களை அழுத்தினால் உடலும் அச்சும் வளைந்து 4-ஆவது தந்தியின் ஈ 4 சென்ட் அளவுக்கு இறங்குவதால், திறந்த நிலையில் ஈ-யை 2 சென்ட் மேலே வைக்கிறேன்; மற்ற எல்லாம் அதிலிருந்து கணக்கு. அடுத்து பி, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், டி ஷார்ப் ஆகியவை தலைப்பகுதி முடுக்காணிகளில். பிறகு ஏ, பி, சி பெடல்கள், இடது லீவரின் எஃப், 9-ஆவதன் டி, செங்குத்து லீவரின் ஏ ஷார்ப், 2-ஆவதன் இரண்டு இறக்கங்கள். அதன் பின்னரே வலது முழங்காலை அழுத்தி 4, 8 தந்திகளின் டி ஷார்ப். அதை விடாமலே 5, 6, 7, 8-ஆம் பெடல்கள். இந்த வரிசையை மாற்றினால் 6-ஆம் பெடலின் திருகு ஏற்கெனவே சேர்த்ததைக் கலைத்துவிடுகிறது.

அட்டவணையில் இடம் பெறாமல் போனது 6-ஆவது தந்தியின் ஜி ஷார்ப்பை எஃப் ஷார்ப்புக்கு இறக்கும் மாற்றம். 10 தந்திக் கருவியில் அதற்குரிய லீவரில் இப்போது பி6 இருக்கிறது. 7-ஆவதில் எஃப் ஷார்ப் இருப்பதால் கார்டுகளுக்குக் குறை இல்லை, வழுக்கி இறங்கும் அந்த ஓசைக்குத்தான் குறை. 6-ஆவதன் சேஞ்சரில் இரண்டு இறக்கத் துளைகளும் காலியாகவே உள்ளன. இல்லாதது ஆறாவது லீவர். வலது முழங்காலுக்கு ஒரு செங்குத்து லீவரைப் பொருத்த அடிப்பகுதியில் 8-ஆம் பெடலின் குறுக்குத் தண்டுக்கும் உடலின் ஓரத்துக்கும் இடையே இடம் அளந்து வைத்திருக்கிறேன்; தாங்கு தகடு கிடைத்ததும் மாட்ட வேண்டும்.